சூட்டுத் தரைக்கு அசைய இடம் விடுங்கோ

ஜேர்மனியில் இப்போது எழும்புகிற புது வீடுகளில் யன்னலுக்குக் கீழே இரும்பு ரேடியேற்றரைக் காண்பது குறைந்துவிட்டது. சூடு காலடியில் இருந்து வருகிறது. தரைச்சூட்டுக்கு 35 பாகை அளவிலான தண்ணீரே போதும் என்பதால், வெப்பப் பம்போடு சேர்ந்து அதுவும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. டோர்ட்முண்ட், ஹம் பக்கம் வீடு கட்டுகிற எங்கள் ஆட்களும் இதைத்தான் போடுகிறார்கள். அந்தச் சூட்டுக்குழாய்களுக்கு மேலே சீமெந்துத் தரை போடுவது என் தொழில். இங்கே அந்தத் தரைக்கு 'எஸ்ட்றிச்' என்று பேர். வீட்டுக்காரர் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணை, பிறகு வெடிக்காதோ?" என்றுதான்.

வெடிக்காமல் போடலாம். ஆனால் அதற்கு வீட்டுக்காரரும் கொஞ்சம் விளங்கி வைத்திருக்க வேண்டும்.

கொங்கிரீட் தளத்துக்கு மேல் ரெஜிபோம் பலகை, அதற்கு மேல் பொலித்தீன் தாள். அதிலே 16, 17 மிலிமீற்றர் பிளாஸ்டிக் குழாயை வளைத்து வளைத்துக் கொழுவிகளால் குத்தி நிறுத்தியிருப்பார்கள். குழாய்க்குள் தண்ணீரை நிரப்பி அழுத்தத்தில் வைத்தபடியே நாங்கள் வேலையைத் தொடங்குவோம். மண்வெட்டி எங்காவது பட்டு ஓட்டை விழுந்தால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். குழாயின் முதுகுக்கு மேல் வழக்கமாக 45 மிலிமீற்றர் சீமெந்து இருக்கவேண்டும். எல்லாமாக ஆறு, ஆறரை சென்ரிமீற்றர் கனம். இந்தத் தரை கீழே கொங்கிரீட்டோடும் ஒட்டவில்லை, பக்கத்தில் சுவரோடும் ஒட்டவில்லை. குளத்தில் விட்ட தெப்பம் மாதிரித் தனியாகக் கிடக்கிறது. அப்படித் தனியாகக் கிடக்க விட்டால்தான் அது பிழைக்கும்.

ஏனென்றால் அது அசையும். காயும்போது சீமெந்துத் தரை மீற்றருக்கு அரை மிலிமீற்றர் வரை சுருங்கலாம். எட்டு மீற்றர் நீளத்துக்கு அது நாலு மிலிமீற்றர். பிறகு சூடு ஏறும்போது விரியும். 15 பாகையில் கிடக்கும் அதே எட்டு மீற்றர்த் தரை 40 பாகைக்குப் போனால் ஏறத்தாழ இரண்டரை மிலிமீற்றர் நீளும். ஒவ்வொரு குளிர்காலமும் இந்த நீளலும் குறுகலும் நடந்துகொண்டே இருக்கும். எதுவும் தடுக்காத வரைக்கும் தரை பேசாமல் இருக்கும். ஓர் இடத்தில் பிடித்து இறுக்கினால் அங்கேதான் கிழியும்.

"அப்ப சீமெந்தைக் கூட்டிப் போடுங்கோ, கம்பி வலையும் வையுங்கோ" என்று சொல்லுவார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் இரண்டும் மருந்தல்ல. சீமெந்து கூடினால் சுருக்கமும் கூடும். கம்பி வலை வெடிப்பைத் தடுக்காது. வெடித்த பிறகு இரண்டு பக்கமும் விலகாமலும் ஒன்று உயர்ந்து ஒன்று தாழாமலும் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். நான் கலவையில் பார்ப்பது தண்ணீரை. ஒரு பிடி அள்ளிக் கையில் அமத்துவேன். உருண்டையாக நிற்கவேண்டும், கை ஈரமாகலாம், விரலிடுக்கால் தண்ணீர் வழியக்கூடாது. வழிந்தால் அந்தக் கலவை பரவ லேசாக இருக்கும், காயும்போது கூடச் சுருங்கும்.

ஹம்முக்குப் பக்கத்தில் ஒரு வீடு. வேறு ஆட்கள் போட்ட தரை. வெடித்த பிறகு பார்க்கக் கூப்பிட்டார்கள். குசினியும் வரவேற்பறையும் சேர்ந்து 'ட' எழுத்து வடிவம். உள்மூலையில் தொடங்கிய வெடிப்பு எதிர்ச்சுவரை நோக்கிச் சரிவாக ஓடியிருந்தது. ஒரு பக்க விளிம்பில் நகம் தட்டியது. இரண்டு கைகள் பிரிகிற அந்த மூலையில்தான் இழுவிசை எல்லாம் வந்து கூடும் என்பது இந்தத் தொழிலில் எவருக்கும் தெரியும்.

"தம்பி, இதிலே ஏன் ஒரு பிரிப்புக்கோடு விடேல்லை?"

"நான்தான் அண்ணை வேண்டாம் எண்டனான். பெரிய ரைல்ஸ். நடுவிலே கோடு வந்தால் வடிவில்லை எண்டு மனிசியும் சொன்னவ."

சுவரோரப் பட்டியலைக் கழற்றிப் பார்த்தோம். அங்கே இன்னொரு காரணம் கிடந்தது. தரைக்கும் சுவருக்கும் இடையில் வைக்கும் நுரைப்பட்டியை யாரோ முன்னதாகவே வெட்டிவிட்டார்கள். அந்த இடைவெளியில் ரைல்ஸ் பசை இறங்கிக் கல்லாகி இருந்தது. தரை சுவரோடு பூட்டப்பட்டு, அசைய இடமில்லாமல், நலிந்த மூலையில் கிழிந்திருக்கிறது.

அந்த நுரைப்பட்டி எட்டு, பத்து மிலிமீற்றர் தடிப்பு. விலை சொற்பம். வீடு முழுக்கச் சுவரையும் தூணையும் கதவு நிலையையும் விடாமல் சுற்றி வரவேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை ரைல்ஸ் பதித்து இடுக்கு நிரப்பி முடிந்த பிறகுதான் வெட்டவேண்டும். என் கணிப்பில், ஒரு வீட்டின் சூட்டுத் தரையைக் காப்பாற்றுகிற பொருட்களில் முதலாவது இதுதான்.

பிரிப்புக்கோட்டுக்கும் கணக்குண்டு. ரைல்ஸ் வரப்போகும் தரையில் ஒரு துண்டு 40 சதுர மீற்றருக்கு மேல் போகாமல், ஒரு பக்கம் எட்டு மீற்றரைத் தாண்டாமல், நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மிஞ்சாமல் பார்ப்போம். 'ட' வடிவ அறையை உள்மூலையில் பிரிப்போம். கதவடியில் கட்டாயம் ஒரு கோடு, ஏனென்றால் இரண்டு அறையின் சூடும் ஒன்றல்ல. கோட்டைத் தாண்டும் குழாய்க்கு உறை போடவேண்டும். அதே கோடு ரைல்ஸிலும் அதே இடத்தில் மேலே வந்து, இடுக்குச் சாந்துக்குப் பதிலாக சிலிக்கனால் நிரப்பப்படவேண்டும். தரை போட முன்னமே ரைல்ஸ்காரரோடு இருந்து அளந்தால் அந்தக் கோட்டை ரைல்ஸ் இடுக்கோடு ஒத்துப்போக வைக்கலாம். பிறகு பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அந்தத் தம்பிக்கு இதை யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு மனவருத்தம்.

தரை போட்ட முதல் கிழமை யன்னலைப் பூட்டி வைக்கவேண்டும். ஈரம் வெளியே போகட்டும் என்று எல்லாவற்றையும் திறந்துவிட்டால் மேற்பரப்பு வேகமாகக் காய்ந்து சுருங்கும், அடிப்பக்கம் ஈரமாகவே கிடக்கும். மூலைகள் தட்டு விளிம்பாக மேலே வளைந்துவிடும். நடுவிலே சுவர்ப்பலகைக் கட்டுகளை அடுக்கி வைப்பதும் கேடு. பாரம் ஒருபுறம், அதற்குக் கீழே உள்ள தரை காயாது என்பது மறுபுறம்.

பிறகு சூடேற்றல். அநேக வெடிப்புகளுக்கு அவசரமும் ஒரு காரணம். சீமெந்துத் தரை என்றால் 21 நாள் பொறுக்கவேண்டும், ஜிப்சம் வகை என்றால் 7 நாள். அதற்குப் பிறகு 20 இலிருந்து 25 பாகைத் தண்ணீரை மூன்று நாள் ஓடவிட்டு, பிறகு அந்த வீட்டுக்குக் கணக்கிட்ட உச்சச் சூட்டுக்கு ஏற்றி நாலு நாள் வைத்து, மெல்ல இறக்கவேண்டும். எவ்வளவு ஏற்றினாலும் 55 பாகையைத் தாண்டக்கூடாது. குளிர்காலத்தில், ரைல்ஸ்காரர் நாள் குறித்துவிட்டார் என்று, பத்தாம் நாளே முழுச்சூட்டையும் திறந்துவிட்ட வீடுகளைக் கண்டிருக்கிறேன். பாதி பலத்தில் நிற்கும் தரை அந்த இழுவையைத் தாங்காது.

ரைல்ஸுக்கு முன் ஈரம் பார்ப்போம். குழாய் இல்லாத இடமாக முதலே குறித்து வைத்ததில் உடைத்து எடுத்த துண்டை இடித்து, நிறுத்து, கல்சியம் காபைட்டோடு ஓர் இரும்புப் போத்தலில் போட்டு மூடிக் குலுக்குவோம். ஈரத்துக்கு ஏற்ப வாயு கிளம்பி மூடியில் உள்ள முள் ஏறும். சீமெந்துச் சூட்டுத் தரைக்கு 1.8 வீதத்துக்கு மேலே காட்டினால் ரைல்ஸ் இல்லை.

வெடித்ததைத் திருத்தலாம். வெடிப்புக்குக் குறுக்கே காடி வெட்டி, அலை வடிவ இரும்புத் தகடு பதித்து, பிசின் ஊற்றி, காயமுன் மணல் தூவுவோம். குழாயில் படாமல் வெட்டவேண்டும் என்பதால் ஆறுதலாகச் செய்யும் வேலை. ரைல்ஸ் பதித்த பிறகு என்றால் முதலில் ரைல்ஸை உடைக்கவேண்டும்; செலவு அங்கேதான் ஏறும்.

வீடு கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது: சூடேற்றிய நாட்களும் பாகைகளும் எழுதிய தாள், ஈரம் அளந்த தாள், பிரிப்புக்கோடு கீறிய படம், இந்த மூன்றையும் கையொப்பத்தோடு கேட்டு வாங்குங்கோ. அவை கையில் வராமல் ரைல்ஸ்காரரிடம் திறப்பைக் கொடுக்காதையுங்கோ.