உறுமும் நாய் என்ன சொல்கிறது?

கருப்பன் என்று ஒரு நாயை வைத்துக்கொள்வோம். ஐந்து வயது நாட்டு நாய். குட்டியாக வந்த நாள் முதல் வீட்டில் எல்லோருக்கும் செல்லம். சில மாதங்களாக அதன் போக்கு மாறிவிட்டது. முதலில், சோற்றுத் தட்டின் அருகே யாராவது போனால் உறுமியது. பிறகு, திண்ணையில் படுத்திருக்கும்போது பக்கத்தில் நடந்தாலே பல்லைக் காட்டியது. நேற்று, உருண்டு வந்த பந்தை எடுக்கக் குனிந்த தம்பியின் கையைக் கடித்துவிட்டது. பாட்டி "இதற்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது" என்கிறார். அப்பா, சாக்கில் கட்டி எடுத்துப் போய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடலாம் என்கிறார்.

இந்த வீடு கற்பனைதான். ஆனால் இது போன்ற வீடு உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். நன்றாக இருந்த நாய் ஏன் இப்படி மாறுகிறது? அதைத் திருத்த முடியுமா?

முதலில் தம்பியின் கையைக் கவனிப்போம். கடிவாயைக் குழாய் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில் போடும் சிறு ஊசிகள்தாம். 'நம் வீட்டு நாய்தானே' என்று இருந்துவிடக் கூடாது. ரேபிஸ் நோயின் அறிகுறிகள் தோன்றிய பிறகு மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

இனிக் கருப்பனிடம் வருவோம்.

நாய் உறுமுவதைத் திமிர் என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது அச்சம். ஆபத்து என்று ஒன்றை உணர்ந்ததும், நாயின் மூளையில் வாதுமைக் கொட்டை வடிவில் உள்ள அமிக்டலா என்னும் பகுதி விழித்துக்கொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. தசைகளுக்கு மிகுதியான ரத்தம் பாய்கிறது. உடல் இரண்டில் ஒன்றுக்குத் தயாராகிறது: ஓடுவதற்கு அல்லது எதிர்ப்பதற்கு. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915ஆம் ஆண்டிலேயே இதை விளக்கி எழுதினார். தேர்வு நாளன்று காலையில் உங்களுக்கு நெஞ்சு படபடக்கிறதே, அதுவும் இதே ஏற்பாடுதான்.

பெரும்பாலான நாய்கள் வாய்ப்புக் கிடைத்தால் விலகிப் போகவே விரும்பும். சங்கிலியில் கட்டிய நாய் எங்கே விலகிப் போகும்? ஓடும் வழியை நாமே அடைத்துவிட்டோம். எஞ்சியிருப்பது எதிர்ப்பது ஒன்றுதான். நாள் முழுதும் வாசல் தூணில் கட்டிப் போட்ட நாய் நாளுக்கு நாள் கடுகடுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடிப்பதற்கு முன் நாய் பல விதமாகச் சொல்லிப் பார்க்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். சாப்பாடு எதுவும் இல்லாமலே உதட்டை நக்கும். கடைக்கண்ணில் வெள்ளை தெரியும். உடல் விறைத்துச் சிலைபோல நிற்கும். இவற்றை யாரும் கவனிக்காதபோதுதான் உறுமும். வாலாட்டும் நாய் கடிக்காது என்று சொல்வார்களே, அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நாய்கள் தம் எஜமானரைக் கண்டபோது வாலைத் தம் வலப்பக்கமாக அதிகம் ஆட்டின. அறிமுகமற்ற முரட்டு நாயைக் கண்டபோது இடப்பக்கமாக அதிகம் ஆட்டின. வாலாட்டம் என்பது உணர்ச்சி பொங்குகிறது என்பதற்கு அடையாளம். அது அன்பாகவும் இருக்கலாம், கலக்கமாகவும் இருக்கலாம்.

இந்தக் கோபம் ஏன் வளர்ந்துகொண்டே போகிறது? இதற்கான விடை ஒரு பூனைக் கூண்டிலிருந்து கிடைத்தது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு தார்ண்டைக் 1898இல் பசித்த பூனைகளைக் கூண்டில் அடைத்து வைத்தார். தாழைத் திறந்தால் வெளியே உணவு. பூனை முதலில் கண்டபடி பிராண்டியது. தற்செயலாகத் தாழ் திறந்தது. மீண்டும் மீண்டும் அடைத்தபோது வீண் முயற்சிகள் குறைந்து, தாழைத் திறக்கும் செயல் மட்டும் நிலைத்தது. பலன் தரும் செயல் பழக்கமாகிறது.

கருப்பனுக்கு நடந்ததும் இதுவே. தட்டருகே ஒருவர் வந்தார், அது உறுமியது, வந்தவர் பின்வாங்கினார். உணவு தப்பியது, அச்சமும் நீங்கியது. மறுநாள் இன்னும் சீக்கிரம் உறுமியது. இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு பாடம்.

அப்படியானால் உறுமும்போது நான்கு அடி போட்டால் அடங்கிவிடாதா? இங்கேதான் பெரும்பாலான வீடுகள் வழி தவறுகின்றன. அடிபட்ட நாய் உறுமுவதை நிறுத்தக்கூடும். ஆனால் உறுமலுக்குக் காரணமான அச்சம் போகவில்லை. மனிதக் கையைப் பற்றிய புதிய அச்சமும் சேர்ந்துகொள்கிறது. ரயில்வே கேட்டில் மணி அடிப்பது தொல்லை என்று கம்பியை அறுத்துவிட்டால் ரயில் வராமல் நின்றுவிடுமா? 'உறுமவே இல்லை, திடீரென்று கடித்துவிட்டது' என்று சொல்லப்படும் நாய்களில் பல, உறுமியதற்காக முன்பு அடி வாங்கியவை. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் நாய் வளர்ப்போரிடம் கேட்டறிந்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதத்தினர், நாய் பதிலுக்குச் சீறியதாகச் சொன்னார்கள். மல்லாக்கப் புரட்டி அமுக்கிப் பார்த்தவர்களிடம் இது 31 சதவீதம்.

மல்லாக்கப் புரட்டும் முறைக்கு ஓநாயைச் சான்று காட்டுவார்கள். ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தலைவன் மற்றவற்றை அடக்கி ஆள்கிறது, ஆகவே வீட்டுத் தலைவரும் நாயை அடக்க வேண்டும் என்பது வாதம். இந்தக் கருத்து 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அவர் பார்த்தவை காட்டு ஓநாய்கள் அல்ல. சுவிட்சர்லாந்தின் பேசல் மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்தவை. டேவிட் மெக் என்ற அமெரிக்க அறிஞர் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைக்காலங்கள் ஓநாய்களோடு தங்கி, 1999இல் வேறு விதமாக எழுதினார்: இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் சேர்ந்த ஒரு குடும்பம். வேடிக்கை என்னவென்றால், தலைவன் ஓநாய் என்ற கருத்தைத் தம் 1970ஆம் ஆண்டுப் புத்தகத்தின் மூலம் பரப்பியவர்களில் அவரும் ஒருவர்!

சாதுவான நாய் நடுவயதில் மாறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உடல் வலியை. காதில் சீழ், சொத்தைப் பல், மூட்டு வீக்கம், சங்கிலி உரசிய கழுத்துப் புண், எதுவாகவும் இருக்கலாம். நாயால் 'வலிக்கிறது' என்று சொல்ல முடியாது. தொட வருபவரைத் தடுக்கத்தான் முடியும். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட கட்டுரை, நடத்தைக் கோளாறு என்று மருத்துவரிடம் வரும் விலங்குகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோ ஒரு வலி இருப்பதாக மதிப்பிடுகிறது. ஆகவே கருப்பனை அழைத்துச் செல்ல வேண்டிய இடம் ஆற்றங்கரை அல்ல, கால்நடை மருந்தகம்.

ஓர் எச்சரிக்கை. மாதக்கணக்கில் மெல்ல மாறுவது வேறு, இரண்டு மூன்று நாட்களில் அடியோடு மாறுவது வேறு. குரல் மாறி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், காரணமின்றிக் கண்டதைக் கடிக்கும் நாய்க்கு ரேபிஸ் இருக்கலாம். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதோ என்று அதன் வாய்க்குள் கைவிட்டுப் பார்க்கவே கூடாது. யாரும் அருகே போகாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இதில் மாணவராகிய நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். நாய் உறுமும் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், இடம், அருகில் யார், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிறகு மற்றவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். சோதித்துப் பார்ப்பதற்காகச் சீண்ட வேண்டாம். தானாக நடப்பதை மட்டும் எழுதுங்கள். இரண்டு வாரக் குறிப்பைப் படித்தால், காரணமில்லாமல் கோபப்படுகிறது என்று தோன்றியதில் ஓர் ஒழுங்கு தென்படும். கருப்பனின் இடப்பக்கமாக வந்தவர்களைப் பார்த்தே அது அதிகம் உறுமியிருக்கலாம். மருத்துவர் இடது காதைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சீழ் இருக்கலாம். வெறுமனே 'கடிக்கிறது' என்று சொல்வதைவிட இந்த நோட்டு மருத்துவருக்குப் பன்மடங்கு உதவும்.

காது ஆறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. வலி போனாலும் கற்ற பாடம் தங்கிவிடுகிறது. அதை மாற்றப் பாவ்லோவின் வழி பயன்படுகிறது. மணியோசையோடு உணவும் சேர்ந்து வந்தால், பிறகு ஓசைக்கே நாயின் வாயில் எச்சில் ஊறும் என்று படித்திருப்பீர்கள். இங்கே மணிக்குப் பதில் மனிதர். நாய் உண்ணும்போது, அது சற்றும் விறைக்காத தொலைவில் பெரியவர் ஒருவர் நின்று, ஒரு கறித்துண்டை அதன் பக்கம் எறிந்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். நாளடைவில் 'இவர் வந்தால் உணவு போகும்' என்பது மாறி, 'இவர் வந்தால் உணவு கூடும்' என்று ஆகிறது. தொலைவைக் கொஞ்சம் கொஞ்சமாகவே குறைக்க வேண்டும். வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். மருத்துவரின் யோசனையோடு பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. நீங்களோ தம்பியோ முயல வேண்டாம்.

எல்லா நாயும் பழையபடி ஆகிவிடும் என்று சொல்வதற்கில்லை. சில நாய்களோடு எச்சரிக்கையாகவே காலம் தள்ள வேண்டியிருக்கும். மிகச் சில, சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இருக்கத் தகாதவையாகவே ஆகிவிடும். அப்போது என்ன செய்வது என்று மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். கொண்டுபோய் விடுவது மட்டும் வழியல்ல. பசித்துத் தவிக்கும்படி வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதுமட்டுமல்ல, ஆற்றுக்கு அந்தப் பக்கமும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. கருப்பனுக்கு ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் சோறு வையுங்கள். அது எழுந்து போகும்வரை தட்டை எடுக்காதீர்கள். தூங்கும்போது தொட்டு எழுப்பாமல் தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தடுப்பூசித் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தம்பியும் நாயும் பெரியவர் துணையின்றி ஒரே இடத்தில் இருக்க வேண்டாம். பின்கட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையென்றால், தம்பியின் கைக்கு எட்டாத உயரத்தில் இன்றே ஒன்று போடச் சொல்லுங்கள்.