கப்பல் வந்த வண்டி

தேசூருக்கு அப்போது சினிமா மாட்டுவண்டியில்தான் வரும். வண்டியின் இரண்டு பக்கமும் தட்டியில் ஒட்டிய போஸ்டர், உள்ளே மைக்கோடு ஒருவர், பின்னால் நாங்கள். நெசவுத் தெருவில் வண்டி மெதுவாகப் போகும். தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமே. குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் அப்பா தலையைத் தூக்கமாட்டார். ஆனால் என்ன படம், எத்தனை நாள் என்று ராத்திரி சாப்பிடும்போது சரியாகச் சொல்லிவிடுவார்.

நோட்டீஸ் ரோஸ் நிறத்தில் இருக்கும். மட்டத் தாள், மை விரலில் ஒட்டும், ஒரு பக்கம்தான் அச்சு. மறுபக்கத்தில் அப்பா பாவு, ஊடை, ஜரிகைக் கணக்கு எழுதுவார். ‘ஆயிரத்தில் ஒருவன்’ நோட்டீஸ் ஒன்று அப்படித்தான் எங்கள் வீட்டு ஆணியில் வெகுநாள் தொங்கியது. பி.ஆர். பந்துலு 1965-ல் எடுத்த கடற்கொள்ளையர் படம். டென்ட் கொட்டகைக்கு எண்பதுகளில் வந்தபோதும் எங்களுக்கு அது புதுப்படம். கடலையே பார்க்காத பிள்ளைகள் மணலைக் குவித்து மேலே ஏறி உட்கார்ந்து கப்பல் சண்டை பார்த்தோம்.

ராட்டினம் என்றால் படவேடு ரேணுகாம்பாள் கோயில் ஆடித் திருவிழாவில் ஆள் தள்ளிச் சுற்றியதுதான். வெளிநாட்டு வேடிக்கைப் பூங்கா எப்படி இருக்கும் என்பதை எங்களுக்குக் காட்டியதும் கொட்டகையே. 1970-ல் ஒசாகாவில் நடந்த எக்ஸ்போ கண்காட்சியில் எம்.ஜி.ஆர். படம்பிடித்து, 1973-ல் வெளிவந்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வந்தபோது மூன்று நாள் தொடர்ந்து போனேன்.

இந்தக் கோடையில் ஒரு அமாவாசை. தறிக்கு லீவு. தெருவே வேன் பிடித்து சென்னைப் பக்கம் ஒரு பார்க்குக்குப் போனோம். வரப்போகும் சாகசப் படம் ஒன்றுக்காக அங்கே ஒரு மூலையையே கப்பலாக்கியிருந்தார்கள். பாய்மரம், புகை, வேஷம் போட்ட கொள்ளையர்கள். கையில் புதையல் வரைபடம் கொடுத்தார்கள். ஐந்து இடத்தில் முத்திரை வாங்கினால் பரிசு.

படமும் பூங்காவும் இப்படிக் கைகோப்பது புதிதல்ல. 1967-ல் டிஸ்னிலேண்டில் தொடங்கிய கடற்கொள்ளையர் படகுச் சவாரிதான் 2003-ல் ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படமானது. தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தா பூங்காவை 1995-ல் தொடங்கிய நவோதயா அப்பச்சன், இந்தியாவின் முதல் 3டி படமான ‘மை டியர் குட்டிச்சாத்தா’னை 1984-ல் தயாரித்தவர்.

அந்தக் கப்பல் முன்னால் நின்றபோது மனதில் ஒன்று உறுத்தியது. மாட்டுவண்டி எல்லார் வாசலுக்கும் வந்தது. கொட்டகைக்குப் போகக் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் நோட்டீஸ் கிடைத்தது. அதிலிருந்த கத்திச் சண்டையை அவன் தெருவில் போட்டுக் காட்டினான். இங்கே விளம்பரத்தைப் பார்க்கவே டிக்கெட் வாங்க வேண்டும். எங்கள் தெருவில் நான்கு வீட்டார் வேனில் ஏறவில்லை. கூலி போட்ட வாரம் இல்லை அது.

ஆனால் என் மகள் கப்பலில் ஏறிச் சுக்கானை இரண்டு கையாலும் திருப்பினாள். முடியெல்லாம் தண்ணீர் சொட்ட, “அப்பா, இடதுபக்கம் பாறை!” என்று கத்தினாள். நாங்கள் கடைசிவரை மணலில் உட்கார்ந்து பார்த்தவர்கள்; அவள் உள்ளேயே போய்விட்டாள். அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தை என் அம்மாவிடம் நீட்டினாள். வழவழப்பான கெட்டித் தாள், ஐந்து முத்திரையும் விழுந்திருந்தது. அம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பினாள். பின்பக்கமும் முழுக்க அச்சு.

“நல்லாத்தான் இருக்குது. கணக்கு எழுத இடமே விடலையே கண்ணு?”

“இது எழுதறதுக்கு இல்ல ஆயா. படம் வந்ததும் எடுத்துட்டுப் போகணும்.”

“அப்ப அந்த ஆணியிலேயே மாட்டிவை.”