தாளின் அளவும் கோட்டின் தடிப்பும்

அளவுவீதம் என்பது தாளிலுள்ள நீளத்திற்கும் நிலத்திலுள்ள நீளத்திற்கும் உள்ள உறவு; கோட்டுத்தடிப்பு என்பது தாளில் மை படியும் அகலம். வீதம் மாறினால் வீடு சுருங்கும், விரியும். தடிப்போ எவ்வீதத்திலும் தன் அளவில் நிற்கும். கணினிவழி வரைவில் கட்டடம் உருவெளியில் முழு அளவிலேயே வரையப்பட்டு, தாள்வெளியில் பொருத்தப்படும்போதுதான் வீதம் பெறுகிறது. ஆதலின் இவ்விரண்டையும் தனித்தனியே தேர்தல் தகாது.

ஜொகூர் மாநிலத்தின் பெக்கான் நானாஸில், அன்னாசி விளையும் சதுப்பு மண்ணருகே எழவிருக்கும் வரிசை வீடொன்றைக் கொள்வோம். மனை 20 அடிக்கு 70 அடி. (மனையை அடியில் பேசிப் படத்தை மில்லிமீட்டரில் வரைவது மலேசியாவில் இன்றும் தொடரும் இரட்டை வாழ்க்கை.) 21,336 மி.மீ. நீளம் 1:50 வீதத்தில் 426.7 மி.மீ. ஆகும், ஏ3 தாளின் நீளமோ 420தான். ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர் போதாமையால் 1:50 கைநழுவுகிறது. 1:100 எனில் 213 மி.மீ.; தலைப்புக் கட்டத்திற்கும் இடம் மிகும்.

இனிச் சுவர். 115 மி.மீ. அரைச்செங்கல் சுவர் 1:100இல் 1.15 மி.மீ. அதன் இரு விளிம்புகளையும் 0.5 மி.மீ. தடிப்பில் வரைந்தால் நடுவே 0.65 மி.மீ. வெண்மை எஞ்சும். அதே தடிப்போடு 1:200க்கு இறங்கின், எஞ்சுவது 0.075 மட்டுமே; அச்சில் இரு கோடும் ஒட்டிக்கொள்ளும். தடிப்பை 0.25 ஆக்கினால் சுவர் மீண்டும் சுவராகும். தடிப்பைக் காட்டாது வைத்த திரையில் இக்குறை தென்படுவதேயில்லை. முதற்படி அச்சிடாமல் படத்தை ஒப்படைப்பவரை நான் நம்புவதில்லை.

வெட்டுண்டவை தடித்தும், அப்பால் தோன்றுபவை இடைநிலையிலும், அளவுக்கோடுகள் மெலிந்தும் அமைதல் முறை. அதற்கென அனைத்துலகத் தரப்படுத்தல் நிறுவனம் வகுத்த தடிப்புகள் 0.13, 0.18, 0.25, 0.35, 0.5, 0.7, 1, 1.4, 2 மி.மீ. ஒவ்வொன்றும் முன்னதன் ஏறத்தாழ 1.414 மடங்கு. ஏ வரிசைத் தாள்களின் நீள அகலங்களுக்கும் இதே உறவுதான். எனவே ஏ1 படத்தை ஏ2 ஆகச் சுருக்கினால் 0.5 கோடு 0.35 ஆகிறது, ஏ3 ஆகச் சுருக்கினால் 0.25 ஆகிறது, கோடுகள் வரிசை கலையாது படியிறங்குகின்றன. ஆயினும் 0.18 கோடு ஏ3இல் 0.09 ஆகி வரிசைக்கு வெளியே விழுந்து, படியெடுக்கையில் அறுபடும். கட்டுமிடத்திற்குச் சுருக்கப்படியே போகும் என்றால் மெலிந்த கோட்டையும் 0.25இல் தொடங்குக. தலைப்பில் 1:100 என்றிருக்கும் படம் அப்போது 1:200 ஆகிவிடுவதால், உடன் சுருங்கும் அளவுப்பட்டை ஒன்றையும் மூலையில் வரைந்து விடுக.