டம்ளருக்குள் ஒரு பச்சைக் கல்!

காலையில் எவர்சில்வர் டம்ளரில்தானே பால் குடித்தீர்கள்? அந்த டம்ளர் ஏன் துருப்பிடிப்பதில்லை தெரியுமா? இரும்போடு குரோமியம் கலந்திருப்பதால்தான். அதற்குக் கைகொடுக்கும் இன்னொரு உலோகம் நிக்கல். உயர்ந்த ரக எவர்சில்வரில் நூற்றுக்கு எட்டுப் பங்கு நிக்கல் இருக்கும்.

இந்த நிக்கலைக் கல்லிலிருந்து பிரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை!

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் பெருங்கடலில் நியூ கலிடோனியா என்ற தீவு இருக்கிறது. பிரான்ஸ் ஆட்சிக்கு உட்பட்டது. 1864-ஆம் ஆண்டில் ஜூல் கார்னியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் அங்கே பச்சைப் பசேலென்று ஒரு கல்லைக் கண்டார். அதற்குள் நிக்கல்! அவர் பெயராலேயே அதற்கு 'கார்னியரைட்' என்று பெயர் வைத்தார்கள். மணலில் இருக்கிறதே சிலிக்கா, அந்த வகையைச் சேர்ந்த கல் இது. 'சிலிக்கேட்' என்பார்கள்.

கனடாவில் சட்பரி என்ற ஊரில் கிடைக்கும் நிக்கல் தாது வேறு வகை. அதில் நிக்கல் கந்தகத்தோடு சேர்ந்திருக்கும். பொடியாக்கித் தண்ணீரில் போட்டு, மருந்து கலந்து காற்றை ஊதினால், நிக்கல் துகள்கள் நுரையோடு மேலே வந்துவிடும். வழித்து எடுக்க வேண்டியதுதான்.

சிலிக்கேட்டில் அந்தப் பாச்சா பலிக்காது. ஏன்?

உங்கள் வகுப்பில் மெக்னீசியம் என்று ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் அவன் வரவில்லை. ஏறக்குறைய அதே உருவமுள்ள நிக்கல் வந்து அவன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான். எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லுக்குள் நடப்பதும் இதுதான். நிக்கல் தனித் துகளாக இல்லை. மெக்னீசியம் இருக்க வேண்டிய இடத்தில் அணு அணுவாக உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு அரைத்தாலும் பிரியாது. உப்புத் தண்ணீரைச் சலித்து உப்பை எடுக்க முடியுமா, என்ன?

ஆகவே, மொத்தக் கல்லையும் உருக்குகிறார்கள். நூறு கிலோ தாதில் நிக்கல் சுமார் இரண்டே கிலோ. அதற்காக மீதி 98 கிலோவையும் 1,500 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். மின்சாரச் செலவை நினைத்தால் தலை சுற்றுகிறது!

இதில் நிக்கல் வீணாகாமல் இருக்கச் சில தந்திரங்கள் உண்டு. நியூ கலிடோனியாவின் பாறை உருண்டைகளில் மழைநீர் ஊறிய மேல்தோலில்தான் நிக்கல் அதிகம். நடுவில் இருப்பது வெறும் கல். அதனால் முதலிலேயே கழுவிச் சலித்து, நடுக்கல்லை ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது கரி. உலையில் கரி சேர்த்தால் அது ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். நிக்கல் சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடும். இரும்பு அவ்வளவு சுலபத்தில் கொடுக்காது. கரி குறைந்தால் நிக்கல் கசடிலேயே தங்கிவிடும். கூடினால் இரும்பு அளவுக்கு மீறி வந்து சேரும். பாயசத்துக்குச் சர்க்கரை போடுவதைவிடக் கவனம் வேண்டும்!

உருகிய கசடு கூழ்போல் கெட்டியாக இருந்தாலும் ஆபத்துதான். உலோகத் துளிகள் அடியில் இறங்காமல் நடுவிலேயே மாட்டிக்கொள்ளும், கசடோடு வெளியே போய்விடும். எனவே சிலிக்காவும் மெக்னீசியமும் சரியான அளவில் இருக்கும்படி, பல குன்றுகளின் தாதைக் கலந்து உலையில் போடுகிறார்கள். எல்லாம் சரியாக அமைந்தால் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் நிக்கல் கிடைத்துவிடும்.

நெருப்பே இல்லாமல் இதே வேலையைச் செய்கிற ஒரு மரமும் அதே தீவில் இருக்கிறது! நம் சப்போட்டா, இலுப்பை மரங்களின் உறவுக்கார மரம் அது. சப்போட்டாக் காயைக் கீறினால் வெள்ளைப் பால் வரும் அல்லவா? இந்த மரத்தைக் கீறினால் நீலப்பச்சைப் பால் வடியும். அதைக் காய வைத்தால் நாலில் ஒரு பங்கு நிக்கல்! ஆனால், மிக மெதுவாக வளரும் மரம். இதை நம்பி டம்ளர் செய்ய முடியாது.

மலேசியாவின் சபா மாநிலத்தில் வேறொரு செடி இருக்கிறது. கீழாநெல்லியின் உறவு. வெட்ட வெட்டத் துளிர்க்கும். அதன் காய்ந்த இலையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் நிக்கல் இருக்கிறது. அதாவது, நல்ல தாதுக்கல்லில் இருக்கும் அளவு! அதை வயலில் பயிரிட்டு, கிளைகளை வெட்டி எரித்து, சாம்பலிலிருந்து நிக்கல் எடுக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் அங்கே சோதனை செய்து வருகிறார்கள்.