தைராய்டு புற்றுநோய், புற்றுமரபணுக்கள், நோயெதிர்ப்பு மண்டலம்

தைராய்டு புற்றுநோய் என்பது முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த தைராய்டு சுரப்பியின் செல்களில் தோன்றும் புற்றுநோய் ஆகும். இது ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலான தைராய்டு புற்றுகள் மெதுவாக வளர்பவை; உரிய சிகிச்சை பெற்றவர்கள் பல பத்தாண்டுகள் நலமாக வாழ்கிறார்கள். ஆனால் கண்டறிந்த சில மாதங்களிலேயே உயிரைப் பறிக்கும் புற்றும் இதே சுரப்பியில்தான் தோன்றுகிறது. இந்த வேறுபாட்டுக்கு முதற்காரணம் செல்லுக்குள் பழுதுபட்ட மரபணு. அந்தப் பழுதே நோயெதிர்ப்புச் செல்களை வரவழைக்கிறது, சில வேளைகளில் ஏமாற்றவும் செய்கிறது என்பது கடந்த இருபது ஆண்டுகளில் தெளிவாகியுள்ளது.

வகைகள்

சுரப்பியின் நுண்ணறைச் செல்களிலிருந்து பாப்பிலரி, ஃபாலிகுலர், அனாபிளாஸ்டிக் என்ற வகைகள் தோன்றுகின்றன. பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை பாப்பிலரி வகை. அனாபிளாஸ்டிக் வகை நூற்றுக்கு ஒன்றிரண்டே. உயிரிழப்பில் அதன் பங்கு மிகப் பெரிது. கால்சிடோனின் சுரக்கும் 'சி' செல்களில் தோன்றுவது மெடுல்லரி வகை. இது தனிக் குடும்பம்; இதைப் பற்றிக் கீழே காண்க.

புற்றுமரபணுக்கள்

செல்லின் வளர்ச்சியைத் தூண்டும் இயல்பான மரபணு, பழுதின் காரணமாக ஓயாமல் இயங்கத் தொடங்கும்போது அது புற்றுமரபணு எனப்படுகிறது. ஸ்டார்ட்டர் பொத்தான் அமுங்கியபடியே சிக்கிக்கொண்ட பம்புசெட்டை இதற்கு ஒப்பிடலாம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, வயல் நிறைந்துவிட்டதா என்ற கணக்கில்லாமல் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த மரபணுக்கள் வெளியிலிருந்து வந்தவை அல்ல, நம் செல்களில் இயல்பாகவே இருப்பவை என்பதை 1976-இல் மைக்கேல் பிஷப், ஹரோல்ட் வார்மஸ் ஆகியோரின் குழு காட்டியது. இதற்காக இருவரும் 1989-இல் நோபல் பரிசு பெற்றனர்.

பாப்பிலரி புற்றில் அதிகம் காணப்படுவது 'பிராஃப்' மரபணுவின் பிறழ்வு. அம்மரபணு உருவாக்கும் புரதத்தில் 600-ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அங்கு குளூட்டமேட் வந்து அமர்ந்துவிடுகிறது. இது 'வி600இ' எனக் குறிக்கப்படுகிறது. இந்த ஓர் எழுத்து மாற்றத்தால் செல் பெருக்கத்துக்கான சமிக்ஞைப் பாதை நிரந்தரமாகத் திறந்துகொள்கிறது. 2014-இல் வெளியான அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத்தொகை ஆய்வு ஏறத்தாழ 500 பாப்பிலரி கட்டிகளை ஆராய்ந்தது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இப்பிறழ்வு இருந்தது. இப்பழுது அயோடினைச் செல்லுக்குள் இழுக்கும் கடத்திப் புரதத்தையும் குறைத்துவிடுகிறது. கதிரியக்க அயோடின் சிகிச்சை சிலருக்குப் பலிக்காமல் போவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இரண்டாவது, 'ரெட்' மரபணு. பாப்பிலரி புற்றில் இம்மரபணு அறுந்து வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. 1986 செர்னோபில் அணுவுலை விபத்துக்குப் பின் அப்பகுதிக் குழந்தைகளுக்கு வந்த தைராய்டு புற்றுகளில் இந்த இணைப்பு மிகுதியாகக் காணப்பட்டது. ஏன் குறிப்பாக இந்த இணைப்பு? ரெட் மரபணுவும் அதனுடன் ஒட்டும் துணை மரபணுவும் 10-ஆம் குரோமோசோமில் தொலைவில் இருந்தாலும், தைராய்டு செல்லின் உட்கருவில் அந்தக் குரோமோசோம் மடிந்திருக்கும் விதத்தால் இரண்டும் அருகருகே வந்துவிடுகின்றன. கதிர்வீச்சு ஒரே நேரத்தில் இரண்டையும் அறுத்தால், தவறான முனைகள் ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதைக் காட்டியது.

கதிர்வீச்சு என்றதும் கேரளக் கடற்கரையின் மோனசைட் மணல் பலருக்கு நினைவுக்கு வரும். கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-இல் வெளியானது. அங்குள்ள இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் அதிகரித்ததாக அது காணவில்லை. செர்னோபிலில் குழந்தைகளைத் தாக்கியது பால் வழியாக உடலில் புகுந்து தைராய்டில் குவிந்த கதிரியக்க அயோடின். இரண்டையும் ஒன்றாகப் பேசுவது பொருந்தாது.

ஃபாலிகுலர் வகையில் 'ராஸ்' மரபணுக்களின் பிறழ்வு முதன்மையானது. பிராஃப் அல்லது ராஸ் பிறழ்வுடன் 'டெர்ட்' மரபணுவின் பிறழ்வும் சேர்ந்தால் நோயின் போக்கு மோசமாகிறது. அத்துடன் 'பி53' என்ற காவல் மரபணுவும் செயலிழந்த நிலை அனாபிளாஸ்டிக் புற்றில் பரவலாகக் காணப்படுகிறது.

குடும்பவழி மெடுல்லரி புற்று

மெடுல்லரி வகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பரம்பரையாக வருவது. இங்கே ரெட் மரபணுவின் பிறழ்வு பிறவியிலேயே எல்லாச் செல்களிலும் இருக்கிறது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வரும் வாய்ப்பு பாதி. எந்த இடத்தில் பிறழ்வு என்பதைப் பொறுத்தே சிகிச்சைக் காலம் முடிவாகிறது. 918-ஆம் இடத்தில் என்றால் குழந்தையின் முதல் வயதுக்குள்ளும், 634-ஆம் இடத்தில் என்றால் ஐந்து வயதுக்குள்ளும், புற்று தோன்றும் முன்பே சுரப்பியை அகற்றப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆகவே மெடுல்லரி புற்று உறுதியான எவருக்கும், வீட்டில் வேறு யாருக்கும் நோய் இல்லை என்றாலும், ரெட் மரபணுப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். ஓர் இரத்தப் பரிசோதனையால் ஒரு குடும்பத்தின் அடுத்த தலைமுறையையே காப்பாற்ற முடிகிற நேர்வுகள் புற்றுநோய் மருத்துவத்தில் அதிகம் இல்லை.

நோயெதிர்ப்பு மண்டலத்தின் பங்கு

1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ, நான்கு பெண்களின் வீங்கிய தைராய்டுகளில் நிணநீர்ச் செல்கள் நிறைந்திருப்பதை விவரித்தார். உடலின் பாதுகாப்புச் செல்களே சொந்தச் சுரப்பியைத் தாக்கும் இந்நோய் ஹஷிமோட்டோ தைராய்டு அழற்சி எனப்படுகிறது. ஆய்வகச் சீட்டுகளில் 'ஆன்டி டி.பி.ஓ' என்று வரும் எதிர்ப்புரதம் இதன் அடையாளம்.

ஹஷிமோட்டோ நோய்க்கும் பாப்பிலரி புற்றுக்கும் தொடர்புண்டா என்ற கேள்வி 1955 முதல் விவாதிக்கப்படுகிறது. அறுவை செய்து எடுத்த சுரப்பிகளை ஆராய்ந்தவர்கள் இரண்டும் அடிக்கடி சேர்ந்திருப்பதைக் கண்டனர். ஆனால் அறுவைக்கு வருபவர்கள் ஏற்கெனவே சந்தேகத்துக்குரிய கட்டி உள்ளவர்கள். ஊசிமூலம் செல் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இத்தொடர்பு அவ்வளவு வலுவாகத் தெரியவில்லை. மறுபுறம், ஹஷிமோட்டோ நோயுடன் சேர்ந்து வரும் பாப்பிலரி புற்று சிறிதாகவும், பரவல் குறைந்தும், மீண்டும் வருவது அரிதாகவும் இருப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. சுரப்பியைத் தாக்க வந்த படை புற்றுச் செல்களையும் தாக்குகிறது என்பது இதற்கான ஒரு விளக்கம்.

இன்னொரு விளக்கம் தலைகீழானது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், இயல்பான மனிதத் தைராய்டு செல்களுக்குள் ரெட் இணைப்பு மரபணு மட்டும் செலுத்தப்பட்டது. அச்செல்கள் உடனே அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கத் தொடங்கின. எனவே புற்றைச் சுற்றிக் காணப்படும் அழற்சியில் ஒரு பகுதி, புற்றுமரபணுவே மூட்டிய நெருப்பாக இருக்கலாம். பிராஃப் பிறழ்வுள்ள கட்டிகளிலோ போக்கு வேறு: 'டி' செல்களின் தாக்குதலை நிறுத்தும் 'பி.டி.எல்.1' புரதம் அவற்றில் கூடுதலாகவும், செல்லின் அடையாளத்தை 'டி' செல்களுக்குக் காட்டும் புரதங்கள் குறைவாகவும் காணப்படுகின்றன. அனாபிளாஸ்டிக் கட்டியில் பெருவிழுங்கு செல்கள் கட்டியின் பாதியளவுக்கும் மேல் நிறைந்திருக்கக்கூடும். அழிக்க வேண்டிய செல்கள் அங்கே புற்றுக்குத் துணைநிற்கின்றன.

அயோடினும் சேலம், நாமக்கல் சமவெளியும்

மரபணுப் பழுதும் நோயெதிர்ப்பும் சந்திக்கும் ஓர் இடம் அன்றாட உப்பு. அயோடின் குறைந்தால் மூளையடிச் சுரப்பியிலிருந்து டி.எஸ்.எச். அதிகம் சுரந்து தைராய்டை இடைவிடாமல் தூண்டுகிறது, கழலை உண்டாகிறது. அத்தகைய பகுதிகளில் ஃபாலிகுலர், அனாபிளாஸ்டிக் வகைகளின் விகிதம் கூடுதலாக இருக்கும். அயோடின் போதுமான அளவு கிடைக்கத் தொடங்கியதும் அவை குறைந்து, பாப்பிலரி வகையின் விகிதம் உயர்கிறது. அயோடின் மிகையானால், தைரோகுளோபுலின் புரதம் எதிர்ப்புச் செல்களின் கண்ணில் எளிதில் படும் வடிவம் பெற்று, தன்னெதிர்ப்பு நோய் கூடுகிறது.

இமயமலை அடிவாரக் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசாமியும் அவரது குழுவினரும் 1956-இல் தொடங்கிய கள ஆய்வு, அயோடின் கலந்த உப்பால் கழலை குறைவதை நிறுவியது. அதன் வழியே 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. இருந்தும், 2018-19 இந்திய அயோடின் கணக்கெடுப்பில் போதிய அயோடின் கொண்ட உப்பைப் பயன்படுத்திய வீடுகள் நாட்டளவில் 76.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடு மட்டுமே. தூத்துக்குடி உப்பளங்களைக் கொண்ட மாநிலம் இப்பட்டியலின் அடியில் நிற்பது வியப்புக்குரியது. அயோடின் சேர்க்காத கல்லுப்பின் மீதான விருப்பம் இதில் ஒரு காரணி.

ஆட்டையாம்பட்டி, ராசிபுரம், ஆத்தூர் எனப் பரந்த இச்சமவெளியில் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியும் கவனத்துக்குரியது. கிழங்கிலுள்ள லினமரின் சயனைடை வெளியிடுகிறது. உடல் அதைத் தயோசயனேட்டாக மாற்றுகிறது. தைராய்டு செல்லின் கடத்திப் புரதத்தில் அயோடினின் இடத்துக்குத் தயோசயனேட் போட்டியிடும். ஆப்பிரிக்கக் காங்கோவில் 1970-களில் நடந்த ஆய்வுகள், அயோடின் குறைந்த உணவோடு சரியாகப் பதப்படுத்தாத மரவள்ளியையே முதன்மை உணவாக உண்டவர்களிடம் கழலை மிகுந்திருந்ததைக் காட்டின. நன்கு வேகவைத்து, நீரை வடித்து, எப்போதாவது உண்ணும் கிழங்கு இந்நிலைக்கு இட்டுச்செல்வதில்லை. போதிய அயோடின் இருந்தால் தயோசயனேட்டின் விளைவு பெரிதும் அடங்கிவிடும். சேகோ ஆலைகளில் கிழங்கை அரைத்து மாவைக் கழுவித் தெளியவைக்கும்போது சயனைடின் பெரும்பகுதி நீரோடு போய்விடுவதால் ஜவ்வரிசியில் இச்சிக்கல் மிகக் குறைவு. மரவள்ளி தைராய்டு புற்றை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை.

சிகிச்சை

முதல் சிகிச்சை அறுவை. தேவைப்படுவோருக்கு, அயோடினைத் தேடி இழுக்கும் தைராய்டு செல்லின் இயல்பையே பயன்படுத்தி, கதிரியக்க அயோடின்-131 வாய்வழி தரப்படுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் இச்சிகிச்சை உண்டு. புற்று அயோடினை ஏற்காத நிலையை மாற்றும் முயற்சி 2013-இல் வெளியானது: சமிக்ஞைப் பாதையைத் தடுக்கும் செலுமெட்டினிப் மருந்தைப் பெற்ற 20 பேரில் 12 பேருக்கு அயோடின் ஈர்ப்பு கூடியது, அவர்களில் 8 பேர் கதிரியக்க அயோடின் பெறும் நிலையை எட்டினர்.

பிராஃப் பிறழ்வுள்ள அனாபிளாஸ்டிக் புற்றுக்கு டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் இணைமருந்து 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ரெட் பழுதுக்கான செல்பெர்காட்டினிப் 2020-இல் வந்தது. அனாபிளாஸ்டிக் புற்றில் நாள்கள் முக்கியம் என்பதால், பிராஃப் சோதனையைத் திசுப் பரிசோதனையுடன் உடனடியாகச் செய்வதே முறை.

நோயெதிர்ப்பின் தடையை நீக்கும் மருந்துகள் தைராய்டு புற்றில் பெரிதாகச் சாதிக்கவில்லை. பாப்பிலரி, ஃபாலிகுலர் புற்று முற்றிய 22 பேருக்குப் பெம்புரோலிசுமாப் தந்தபோது இருவருக்கு மட்டுமே கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. பாப்பிலரி புற்றில் மொத்தப் பிறழ்வுகள் மிகக் குறைவு. அதனால் 'அயலான்' என்று 'டி' செல்கள் இனங்காண அதில் அதிகம் இருப்பதில்லை. பிறழ்வுகள் மிகுந்த அனாபிளாஸ்டிக் வகையில், 42 பேருக்கு ஸ்பார்டலிசுமாப் தரப்பட்டபோது 19 விழுக்காட்டினரிடம் பலன் தெரிந்தது. இவ்வகை மருந்துகளை நுரையீரல், தோல் புற்றுகளுக்குப் பெறுவோரில் சிலருக்கு நல்ல தைராய்டே அழற்சியுற்றுச் செயலிழப்பதும் உண்டு.

அறுவைக்குப் பிந்தைய கண்காணிப்பிலும் நோயெதிர்ப்பு மண்டலம் குறுக்கிடுகிறது. சுரப்பி முழுதும் அகற்றப்பட்டவரின் இரத்தத்தில் தைரோகுளோபுலின் ஏறினால் புற்று திரும்பியதாக ஐயுறலாம். ஆனால் ஹஷிமோட்டோ நோயுள்ளவரின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புரதம் தைரோகுளோபுலினைப் பற்றிக்கொள்வதால், பரவலாகப் பயன்படும் சோதனைமுறைகளில் அளவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியக்கூடும். அதனால் இரண்டும் ஒன்றாகவே அளக்கப்படுகின்றன. எதிர்ப்புரதம் ஆண்டுதோறும் குறைந்துவந்தால் அது நல்ல அறிகுறி, ஏறிவந்தால் ஸ்கேன் செய்து பார்க்கப்படுகிறது.