மனை வாங்கும் முன் மண்ணைச் சோதித்தார்களா?

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுக வயல்கள் மனைகளாகின்றன. கல் நட்டு, கொடி கட்டிவிடுகிறார்கள். மண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்பாரில்லை.

தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் இங்கே பாலாற்றையும் விளைநிலத்தையும் கெடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. தோல் பதனிடப் பயன்படுவது குரோமிய உப்பு. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

'மண்வள அட்டை இருக்கிறதே' என்பார்கள். அதிலுள்ள 12 சோதனைகளும் பயிருக்கானவை. தழைச்சத்து, துத்தநாகம் எல்லாம் இருக்கும். குரோமியமோ பூச்சிமருந்து எச்சமோ இருக்காது.

மண்ணை எங்கே எடுப்பது என்பதுதான் முக்கியம். நடு வயலில் ஒரு பிடி போதாது. மருந்து கலக்கிய மோட்டார் கொட்டகை ஓரம், காலி டப்பா புதைத்த மூலை, கழிவுநீர் பாய்ந்த மடை. இந்த இடங்கள் பட்டாதாரரைவிட, அங்கே கூலிக்கு மருந்தடித்த நம் காலனிப் பெரியவர்களுக்கே தெரியும். அவர்களை யாரும் கேட்பதில்லை. விலை மலிவென்று அந்த மனையை வாங்குவதும் பெரும்பாலும் நாம்தான்!

இலவச மனைக்கு நிலம் எடுத்தாலும் இதே கேள்விதான். மண், கிணற்றுநீர் இரண்டின் சோதனை அறிக்கையையும் பட்டாவுக்கு முன்பே கிராம சபையில் கேட்போம். மனு எழுத, வேதியியல் படிக்கும் தம்பி, தங்கைகள் கைகொடுக்கலாம்.