பூட்டு உடையவில்லை, பணம் போயிற்று

2021-ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை, எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கைப்பேசியும் கையுமாக என்னைத் தேடி வந்தார். வங்கிக் கணக்கு முடக்கப்படும் என்று அவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்ததாம். அதிலிருந்த இணைப்பைத் தொட்டதும் வங்கியின் பக்கம் போலவே ஒன்று திறந்தது. அட்டையின் விவரங்களைப் பதிந்தார். பிறகு வந்த ஆறு இலக்க எண்ணையும் பதிந்தார். நாற்பதாயிரம் ரூபாய் போய்விட்டது.

“மேலே பூட்டுப் படம் இருந்ததே, தம்பி! பூட்டு இருந்தால் பயமில்லை என்றுதானே எல்லாரும் சொன்னார்கள்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

செய்தியைச் சங்கேத மொழியில் அனுப்புவது பழைய வழக்கம். அதில் ஒரு தொல்லை உண்டு. சங்கேதத்தின் திறவுகோலைப் பெறுபவருக்கு முன்கூட்டியே இரகசியமாகத் தந்தாக வேண்டும். முன்பின் பார்த்திராத கோடிக்கணக்கான மக்களுக்கு ஒரு வங்கி அதை எவ்வாறு தர இயலும்?

1976-இல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் ஒரு புதுவழி காட்டினர். அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். வங்கி அத்தகைய பூட்டுக்களைத் திறந்தபடியே ஊரெங்கும் வழங்குகிறது. சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. யாரும் பூட்டலாம்; திறக்க வங்கியால் மட்டுமே முடியும்.

இப்படியொரு பூட்டை ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் 1977-இல் பகா எண்களைக் கொண்டு செய்தனர். 97-ஐ 89-ஆல் பெருக்குவது எளிது, விடை 8,633. ஆனால் 8,633-ஐ மட்டும் கொடுத்து, இது எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கற்பலன் என்று கேட்டால்? 2, 3, 5, 7 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் 24-ஆவது முயற்சியில்தான் விடை அகப்படும். இலக்கங்கள் கூடக் கூட, பெருக்குவதன் உழைப்பு சிறிதளவே கூடுகிறது; பிரிப்பதன் உழைப்போ மலைபோல் வளர்கிறது.

அதே ஆண்டு ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் 129 இலக்க எண் ஒன்று வெளியாயிற்று. அதைப் பிரித்து, அதனால் பூட்டிய செய்தியைப் படிப்பவருக்கு 100 டாலர் பரிசு. 1994-இல்தான் விடை கிடைத்தது. ஏறத்தாழ 600 தன்னார்வலர்கள், சுமார் 1,600 கணிப்பொறிகளைக் கொண்டு எட்டு மாதம் உழைத்தார்கள். இன்று இம்முறையில் வழங்கும் எண்களோ 617 இலக்கம் கொண்டவை.

அப்படியானால் தலைமையாசிரியரின் பணம் போனது எப்படி? கள்வன் பூட்டை உடைக்கவே இல்லை. தன் போலிப் பக்கத்துக்குத் தானே ஒரு பூட்டு வாங்கி மாட்டியிருந்தான். இணையத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. பூட்டுப் படம் சொல்வது ஒன்றே: ‘நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது’. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்பதை அது சொல்லாது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே, 2023-இல் குரோம் உலாவி பூட்டுப் படத்தையே நீக்கிவிட்டது.

பெரியவர் பதிந்த அட்டை விவரங்களைக் கள்வன் உடனே உண்மையான கடைப் பக்கம் ஒன்றில் இட்டான். வங்கி, முறைப்படி, பெரியவருக்கு ஓ.டி.பி. அனுப்பியது. ஆறு இலக்கங்களில் பத்து இலட்சம் எண்கள் உண்டு. ஊகித்துச் சொல்வது அரிது. ஊகிக்க வேண்டிய தேவையே இல்லாமல் அவரே அதைப் போலிப் பக்கத்தில் பதிந்துவிட்டார்.

எனவே நாம் செய்ய வேண்டியவை மிக எளியவை. செய்தியில் வரும் இணைப்பின் வழியாக வங்கிக்குப் போகாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஓ.டி.பி. செய்தியில் எண்ணை மட்டும் பார்க்காமல், எவ்வளவு தொகை, யாருக்கு என்பதையும் படியுங்கள். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. கேட்டால், பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று பொருள்.

தலைமையாசிரியர் வெட்கப்பட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிப் போய்விட்டது. ஏமாந்தவர் வெட்கப்படத் தேவையில்லை. இன்று 1930 என்ற எண்ணை உடனே அழைத்தால், பணம் கைமாறுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. அந்த எண்ணை மட்டும் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.